ஈரத்தில் எத்தனை மீற்றரில் நிற்கும்?

மார்ச் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, சமர் ரயர் எது எடுக்கலாம்? விலை குறைவா, கனகாலம் ஓடக்கூடியதா ஒண்டு சொல்லுங்கோ." சமர் ரயர் என்றால் கோடைக்குப் போடுகிற ரயர். ஜேர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் ஆட்களுக்குள் கார் விஷயம் என்றால் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆளாளுக்குக் குரல் பதிவு அனுப்புவதை விட, இந்த முறை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

கேள்வியிலேயே இரண்டு விஷயம்தான் இருக்கிறது: விலையும் ஓட்டமும். என்னைக் கேட்டால் இவை இரண்டும் பிறகு பார்க்கவேண்டியவை. முதலில் பார்க்கவேண்டியது, மழை பெய்து நனைந்த வீதியில் பிரேக்கை அழுத்தினால் கார் எத்தனை மீற்றரில் நிற்கும் என்பது. காய்ந்த வீதியில், புதிதாக வாங்கிய ரயர்களுக்குள் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. தண்ணீர் விழுந்தவுடன்தான் நல்லதும் மட்டமானதும் பிரியும். நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் இருக்கிற எங்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யூன் மாதத்திலேயே கொட்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு கார்கள் ஈர வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றரில் வருகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன. ஒன்று 30 மீற்றரில் நிற்கிறது, மற்றதற்கு 36 மீற்றர் வேண்டும். ஆறு மீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 33 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் சக்தி ஏறுவதால் வருகிற விளைவு இது. பிரேக் தூரத்தின் கடைசி மீற்றர்களில்தான் வேகம் மளமளவென்று இறங்கும். முன்னால் ஒரு காரின் பின்பக்கமோ, சீப்ரா கோட்டில் ஒரு பிள்ளையோ இருந்தால் 33 என்பது சின்ன எண் இல்லை.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போகிறவர்களுக்கு ஏ2 ஒட்டோபான் (அதிவேக வீதி) தெரியும். காமன் சந்திப்பு தாண்டினால் முன்னுக்குச் சிவப்பு விளக்குகள் திடீரென்று வரிசையாக எரியும். குடும்பம் முழுக்க காருக்குள், பின்னுக்கு அர்ச்சனைச் சாமான், பூ, பழம். ஆள் நிறைந்து பாரம் ஏறிய கார், மழை, முன்னால் தேங்கி நிற்கிற வாகனங்கள். நான் ரயர் தெரிவு செய்யும்போது மனதில் வைத்திருப்பது அந்த இடத்தைத்தான்.

சரி, ஏன் எல்லா ரயரும் ஒரே மாதிரி நிற்பதில்லை? றப்பர் கலவைதான் முதல் காரணம். பிடிமானம், உருளும்போது ஏற்படும் இழுவை, தேய்மானம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் குணங்கள். வீதியை நன்றாகப் பிடிக்கிற கலவை செய்தால் சீக்கிரம் தேயும். கனகாலம் நிற்கிற கலவை செய்தால் ஈரத்தில் வழுக்கப் பார்க்கும். 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் கார் ரயரில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான், பெற்றோலையும் மிச்சம் பிடித்து ஈரத்திலும் நிற்கிற ரயர் சாத்தியமானது. இன்றைக்கும் நல்ல கம்பனிக்கும் மலிவுக் கம்பனிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தக் கலவைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் எல்லாமே கறுப்பாக, பளபளவென்றுதான் இருக்கும்.

இரண்டாவது காரணம் தண்ணீரை வெளியேற்றுகிற பள்ளங்கள். 205 மில்லிமீற்றர் அகலமான ரயர், 3 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கிற வீதியில் மணிக்கு 80 இல் போனால், ஒவ்வொரு சில்லும் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 லீற்றர் தண்ணீரை ஒதுக்கவேண்டும். ஒதுக்க முடியாவிட்டால் ரயர் தண்ணீருக்கு மேலே மிதக்கும். அந்த நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் கேட்காது. அகலம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று 18 அங்குலத்துக்குப் பெரிய அகல ரயர் போடுகிற தம்பிமார் இதை யோசிக்க வேண்டும். காய்ந்த வளைவில் அது நல்ல பிடி தரும், உண்மைதான். தேங்கிய தண்ணீரில் ஒடுங்கிய ரயர்தான் கூடிய வேகம் வரைக்கும் தாங்கும்.

இனி ஒப்பிடுவது எப்படி என்று பார்ப்போம். ரயரில் ஒட்டியிருக்கிற ஐரோப்பிய லேபிளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2021 மே முதல் புது வடிவம்: எரிபொருளுக்கும் ஈரப்பிடிக்கும் ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பு, கீழே சத்தம் டெசிபெலில். கடைக்காரர் சொல்வதை விட இது மேல். ஆனால் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த எழுத்தைக் கொடுப்பது தயாரிப்பாளரே. அதுவும் புது ரயரின் ஈரப் பிரேக்கை மட்டும் வைத்து. தண்ணீரில் மிதப்பது, வளைவில் வழுக்குவது, காய்ந்த வீதியில் நிற்பது, எவ்வளவு காலம் ஓடும் என்பது எதுவும் அந்த எழுத்துக்குள் இல்லை. ஈரப்பிடியில் பி-க்குக் கீழே இருந்தால் நான் அடுத்ததைப் பார்ப்பேன். லேபிள் எனக்கு உதவுவது அவ்வளவுக்குத்தான்.

அதற்குப் பிறகு ஜேர்மன் கார் ஓட்டுநர் சங்கமான ஏ.டி.ஏ.சி. செய்கிற சோதனை. ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு அளவுகளை எடுத்துச் சோதித்து, ஜேர்மன் பள்ளிக்கூடப் புள்ளி மாதிரி வெளியிடுவார்கள். எண் குறையக் குறைய நல்லது. 2023இல் 205/55 ஆர் 16 (205 மில்லிமீற்றர் அகலம், 16 அங்குலச் சில்லு) அளவில் 50 ரயர்களை ஒரேயடியாகச் சோதித்தார்கள். அந்த வருடத்திலிருந்து மொத்தப் புள்ளியில் 70 சதவீதம் ஓட்டப் பாதுகாப்புக்கு, 30 சதவீதம் சுற்றுச்சூழலுக்கு. ஓட்டமும் தேய்மானமும் அந்த 30க்குள்தான் வரும். ஆகவே மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே "ஈர வீதி" என்ற தனி நிரல் இருக்கும். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதில் நல்லதாக இருக்கிற நாலைந்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு, பிறகு ஓட்டத்தையும் விலையையும் பார்ப்பேன். பல வருட முடிவுகளைத் தொடர்ந்து வாசித்ததில், ஹனோவர்க்காரரான கொன்ரினென்ரல் ஈரப் பிரேக்கிலும், மிஷெலின் கனதூர ஓட்டத்திலும் அடிக்கடி முன்னுக்கு வருவதைப் பார்க்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கம்பனிப் பெயரைப் பிடிக்கவேண்டாம். ஒரே மொடல் 16 அங்குலத்தில் ஒரு மாதிரியும் 18 அங்குலத்தில் வேறு மாதிரியும் புள்ளி எடுக்கலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு கார். என்னுடைய ஃபோக்ஸ்வாகன் கொல்ஃபில் ஈரப்பிடிக்குப் பேர்போன வகை. மனைவியின் சின்னக் காரில் கனதூரம் ஓடுகிற வகை. இரண்டையும் மாறி மாறி ஓட்டுவதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். என்னுடையது மழையில் பிரேக் மிதித்தவுடன் வீதியைக் கவ்வுகிற உணர்வு வரும், ஏ.பி.எஸ். (பிரேக்கில் சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கிற அமைப்பு) துடிப்பு பிந்தித்தான் கேட்கும். மனைவியினுடையது சத்தம் குறைவு, பெற்றோலும் கொஞ்சம் மிச்சம். அதே வெளிச்சச் சந்தியில் அதே மழையில் ஏ.பி.எஸ். முந்தியே துடிக்கத் தொடங்கும். அவர் ஓடுவது வேலைக்கும் கடைக்கும், பெரும்பாலும் 50க்கு உள்ளே. அந்தப் பாவனைக்கு அது சரியான தெரிவு. ஒட்டோபானில் வாரா வாரம் ஓடுகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன அத்தனை சோதனையும் புது ரயரில் நடப்பது. புது சமர் ரயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். சட்டப்படி 1.6 வரை ஓடலாம். ஆனால் 3க்கு வந்தவுடன் மாற்றுங்கள் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு யூரோக் குற்றியைப் பள்ளத்துக்குள் செருகுங்கள். சுற்றியுள்ள தங்கநிற வளையம் 3 மில்லிமீற்றர். அதில் கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. நடுவில் மட்டும் பார்க்காமல் உள் ஓரத்தையும் வெளி ஓரத்தையும் பாருங்கள். நான் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, முன் சில்லின் உள் ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பேன். ஒரு பக்கம் தடவும்போது மழமழவென்றும், மறுபக்கம் தடவும்போது அரம் போலக் கரகரவென்றும் இருந்தால் சில்லுகளின் கோணம் பிழை. புது ரயர் போடுவதற்கு முன் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே மாதிரித்தான் போகும்.

ஊரிலிருந்து வந்த புதிதில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ரயர் என்றால் ரயர்தான், வருடம் முழுக்க ஒன்று. இங்கே சிலர் செலவை மிச்சம் பிடிக்க, தேய்ந்த வின்ரர் ரயரை "ஓடி முடிப்போம்" என்று கோடையிலும் ஓட்டுகிறார்கள். சட்டம் தடுக்காது. ஆனால் குளிருக்கென்று மென்மையாகச் செய்த றப்பர், கொதிக்கிற தார் வீதியில் நெளியும், நிற்கிற தூரம் நீளும். தயவுசெய்து வேண்டாம்.

வாங்கும்போது இரண்டே விஷயம். பக்கவாட்டில் டொட் (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வருகிற கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. இரண்டு ரயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியதைப் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள், முன்சில்லு இழுக்கிற காராக இருந்தாலும். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது.

இந்த வருடம் என் கொல்ஃபுக்கு நான்கு புதியது வேண்டும். முன்னிரண்டும் யூரோக் குற்றியின் வளையத்தைத் தொட்டுவிட்டன. ஈர நிரலில் மேலே இருக்கிற மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன், அவற்றுக்குள் விலை குறைந்ததை எடுப்பேன். ஈஸ்டர் கிட்ட வந்தால் கராஜ்களில் ரெர்மின் (முன்பதிவு நேரம்) கிடைக்காது. மாற்ற இருக்கிறவர்கள் இந்தக் கிழமையே போன் பண்ணுங்கள். உங்கள் காரின் ரயர் அளவையும், வாரத்தில் எங்கெங்கே ஓடுகிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்பினால், ஈர நிரலைப் பார்த்து நானும் சேர்ந்து தேடித் தருகிறேன்.