பிஓ கோப்புச் சோதனை: கருவி பிடிப்பதும் விடுவதும்

மென்பொருளின் திரைச் சொற்களை மூலமும் மொழிபெயர்ப்புமாக வைத்திருக்கும் உரைக்கோப்புதான் பிஓ. அதில் மொழிபெயர்ப்பு முடிந்ததும் முதலில் ஓட்ட வேண்டியது, கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்போடு வரும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி. வெறுமனே ஓட்டினால் பிஓவை நிரல் படிக்கும் எம்ஓ கோப்பாக்கித் தந்துவிட்டுப் போய்விடும். கட்டளையில் '-சி' சேர்த்தால்தான் தலைப்புப் பகுதி, வரிமுடிவு, நிரல் ஓடும்போது சொல்லை நிரப்பும் %எஸ், எண்ணை நிரப்பும் %டி போன்ற குறிகள் எல்லாவற்றையும் பார்க்கும்.

இந்தக் குறிகளில்தான் தமிழுக்குத் தனித் தலைவலி. "%டி ஃபைல்ஸ் இன் %எஸ்" என்பதை "%எஸ் அடைவில் %டி கோப்புகள்" என்று எழுதுவதே நமக்கு இயல்பு. ஆனால் நிரல் முதலில் எண்ணைத்தான் தருகிறது. அந்த எண்ணை நினைவக முகவரியாக நினைத்து %எஸ் படிக்கப் போனால் நிரல் அங்கேயே விழும். '-சி' இதைப் பிடித்துவிடும். ஒரு நிபந்தனை: வரியின் மேலே 'சி-ஃபார்மட்' என்ற குறிப்பு இருக்க வேண்டும். அது அழிந்திருந்தால் சோதனையே நடக்காது. ஃபஸ்ஸி (இன்னும் சரிபார்க்க வேண்டியது) என்று குறித்த வரிகளும் எம்ஓவில் சேராது. ஃபஸ்ஸி குறியை எடுத்த பிறகு மறுபடி ஓட்டுங்கள்.

பிடிபடாதது இதுதான்: "பேஜ் %டி ஆஃப் %டி". தமிழில் "%டி பக்கங்களில் %டி-ஆவது". இரண்டும் %டி என்பதால் கருவிக்கு எல்லாம் சரி. 10 பக்கத்தில் 3-ஆவதைத் திறந்தவருக்குத் திரையில் "3 பக்கங்களில் 10-ஆவது" என்று வரும். "%2$டி பக்கங்களில் %1$டி-ஆவது" என்று வரிசை எண் போட வேண்டும். ஒரே வகைக் குறி இரண்டு முறை வந்து, எண் போடாமல் இருக்கும் வரிகளைத் தனியே எடுத்துக் காட்டப் பத்துப் பதினைந்து வரி பைத்தான் நிரல் போதும். பார்த்து முடிவெடுப்பது கண்தான்.

அடுத்தது டிரான்ஸ்லேட் டூல்கிட் என்ற இன்னொரு கருவித்தொகுப்பின் போஃபில்டர். பிழையுள்ள வரிகளை மட்டும் காரணத்தோடு தனிக் கோப்பில் தரும். திருத்தியபின் அதே தொகுப்பின் போமெர்ஜ் அவற்றை மூலக் கோப்பில் சேர்க்கும். எல்லாச் சோதனைகளையும் ஓட்டாதீர்கள். பெரிய எழுத்தே இல்லாத மொழிக்குப் பெரிய எழுத்துச் சோதனை எதற்கு? வெற்று எச்சரிக்கை நூறு வந்தால் உண்மையான ஒன்றை யாரும் படிக்கமாட்டார்கள். எக்ஸ்எம்எல் ஒட்டுகள், இணைய முகவரி, இரட்டைச் சொல், முதல்-கடைசி இடைவெளி ஆகியவை போதும்.

எழுத்துக் குறைகள் இந்த இரண்டிலும் சிக்காது. 'கொ'வை ஒரே உயிர்மெய்க் குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் உள்ளிடலாம். பார்வைக்கு ஒன்றே, தேடினால் கிடைக்காது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீரும். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாக அடித்திருந்தாலோ, காலுக்குப் பதில் 'ர' விழுந்திருந்தாலோ என்எஃப்சியும் உதவாது. முதலாவதற்கு 'ஒள' என்று தேடி வருவதைப் பார்த்தால் போதும். இரண்டாவதற்கு ஹன்ஸ்பெல் போன்ற சொற்பிழைத் திருத்தி வேண்டும்.