அத்தை கேட்ட உயில்

ஹெவி மெட்டல் இசை கேட்கிறவர்களுக்கு 2024 அள்ளிக் கொடுத்த வருடம். டிசம்பர் வந்தால் பிடித்த ஆல்பங்களை வரிசைப்படுத்தி நண்பர்களோடு சண்டை போடுவது எனக்கு வழக்கம். இந்த முறை வரிசையை முடிவுசெய்தவர்கள் அத்தையும் மாமாவும்.

மலேசியாவில் பினாங்கு பக்கம், பாகான் டாலாமில் தாத்தா வீடு இருக்கிறது. அதை என்ன செய்வது என்று பேச எல்லாரும் வந்தாக வேண்டும் என்பது பெரியப்பா கட்டளை. கோலாலம்பூர் செந்தூலில் அத்தையையும் மாமாவையும் காடியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தஞ்சோங் மாலிம் பக்கம் ரேடியோ கரகரத்தது. "உன் பாட்டையே போடுப்பா, எதையாவது கேட்டுக்கிட்டுப் போவோம்" என்றார் அத்தை. கேட்டது அவர்தான்.

முதலில் மரியாதையாக, பழம்பெரும் பிரிட்டிஷ் குழு ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்'. ஆல்பம் வந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது என்றேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமா நிறுத்திவிட்டார். "72 வயசுல இந்தக் கத்தா? என்னா சாப்பிடுறாராம்?"

சிலிம் ரிவர் பக்கம் அமெரிக்கக் குழு பிளட் இன்கான்டேஷனின் 'அப்சொல்யூட் எல்ஸ்வேர்' ஆரம்பித்தது. டென்வர்காரர்கள், பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். மொத்தம் 43 நிமிடம், ஆனால் இரண்டே பாட்டு. பீடோர் நெருங்கியும் முதல் பாட்டு முடியவில்லை. நடுவில் டான்ஜரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வந்து சிந்தசைசரில் மிதக்கவிடும் இடம் ஒன்று உண்டு. "அப்பாடா, ஆள் திருந்திட்டான்" என்று அத்தை ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து, மெட்டல் பாடகர்கள் அடித்தொண்டையில் பாடும் அந்த உறுமல் திரும்பி வந்தது. தேநீர் மாமா மடியில்.

தாப்பா ஓய்விடத்தில் மாமா வேட்டி மாற்றிக்கொண்டு வந்ததும் நியூசிலாந்தின் அல்சரேட்டைப் போட்டேன். மூன்றே பேர், சத்தம் முப்பது பேருடையது. ஆல்பத்தின் பெயர் 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்'. கார்த்திகை விரதத்தில் இருக்கிற அத்தையிடம் இதைச் சொல்ல முடியுமா? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். மாமா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உறுமி மேளக் குழு நடத்துகிறவர்; தாளம் தவறினால் தூக்கத்திலும் திட்டுவார். ஜேமி செயின்ட் மெராட்டின் ட்ரம்ஸைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எங்க சுத்தினாலும் சரியா வந்து எறங்குறான் பாரு. இவன் காசு வாங்காம வாசிக்கிற ஆளு" என்றார். அவர் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இணையத்தில் நான் படித்த விமர்சனம் எதிலும் இத்தனை தெளிவு இல்லை.

மெனோரா சுரங்கப்பாதைக்குப் பின்லாந்தின் ஒரான்சி பசுசு குழு பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர்களின் 'மூன்டவுட்டுயா' ஆல்பம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மாமா பதறி, "ஓரமா நிறுத்து, ஃபேன் பெல்ட் போச்சு" என்றார். பாட்டுதான் என்று நம்பவைக்க அதை அணைத்துக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். மாமா சொன்னதிலும் தப்பில்லை.

கோலகங்சார் தாண்டியதும் ஸ்வீடன் குழு ஓபெத்தின் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. 2008க்குப் பிறகு எந்த ஆல்பத்திலும் உறுமாத பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் இதில் மறுபடி உறுமுகிறார். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் ஊதுகிறார். இதையெல்லாம் நான் ஆசையாக விளக்க, அத்தை "கதை என்னா, அதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். பணக்கார அப்பா செத்துவிட்டார். உயிலைப் படிக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே வளர்ந்த, போலியோ வந்த ஒரு பெண்ணும் இருக்கிறாள்.

அத்தை இருக்கை வாரைத் தளர்த்தி முன்னால் நகர்ந்துவிட்டார். உறுமல் வரும்போதெல்லாம் "அப்பன் பேசுறான்" என்று மாமாவுக்கு விளக்கம் வேறு. புல்லாங்குழல் வந்தால் "இது வக்கீல்."

"கடைசியில் சொத்து யாருக்கு?"

"அந்தப் பெண்ணுக்கு, அத்தை."

"முழுசா?"

"முழுசா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நல்ல கதைப்பா. இதை உங்க பெரியப்பாகிட்ட சொன்னியா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசிப் பாட்டில் கதை இன்னொரு தடவை புரளும். அதை நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அத்தையின் தெம்பைக் கெடுப்பானேன்? பாகான் டாலாம் வந்து, பெரியப்பா வாசலில் நின்று கையசைத்தும் அத்தை இறங்கவில்லை. "இரு, முடியட்டும்."

வீட்டு விஷயம் அன்றைக்கும் முடியவில்லை. தாத்தா உயில் எழுதாமல் போனவர். அத்தை நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "வெள்ளைக்காரன் ஊர்லயே பொண்ணுக்குத்தான் எழுதியிருக்கான்" என்று ஆரம்பிக்க, பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் ஆல்பமாகவே போடலாம்.

ஆக, ஓபெத்துக்கு முதலிடம், அத்தை உத்தரவு. அல்சரேட்டுக்கு இரண்டாவது. அதிலும் மாமாவுக்கு ஆதங்கம்தான். அந்த ஆல்பத்தை உறுமிக் குழுப் பையன்களுக்கெல்லாம் அனுப்பி, தைப்பூசத்துக்குள் இதே மாதிரி வாசிக்கணும் என்று சொல்லியிருக்கிறார். பையன்கள் தினமும் ராத்திரி எனக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள்.