எஸ்எஸ்டியை மாற்றுவதற்கு முன்

கொழும்பு அலுவலகங்களில் லினக்ஸ் கணினி இடையிடையே உறைந்து நின்றால், முதலில் வரும் பேச்சு "எஸ்எஸ்டி போயிட்டுது, பம்பலப்பிட்டியில புதுசு ஒண்டு வாங்கிப் போடுவம்" என்பதுதான். பல வேளைகளில் டிஸ்கில் பழுதே இருக்காது. புதியதைப் பூட்டி எல்லாவற்றையும் மறுபடி நிறுவிய பிறகும் அதே கோளாறு வரும். காசும் வேலை நாளும் வீணாவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

முதலில் உறைவின் குணத்தைக் கவனியுங்கள். மவுஸ் அம்பு அசையும், திறந்திருந்த டேர்மினலில் எழுத்து விழும், புதிதாக எதுவும் திறக்காது. சுமார் 30 செக்கன் கழித்து, அழுத்தியதெல்லாம் ஒரேயடியாகத் திறக்கும். இது டிஸ்க் பதில் சொல்லாமல் இருந்ததன் அடையாளம். எஸ்எஸ்டியின் இரு இணைப்பு வகைகளான என்விஎம்இ (மதர்போட்டில் நேரே பூட்டுவது), சாட்டா (பெரும்பாலும் கேபிளில் இணைப்பது) இரண்டிலும் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வழமையாக 30 செக்கன் பொறுத்துப் பார்த்தே ரீசெட் செய்யும். மவுஸும் நின்று, கப்ஸ் லொக் விளக்கும் மாறாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர், ரேம் பக்கம் தேடுங்கள்.

அடுத்தது லொக், அதாவது கணினி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பதில் சொல்லாமல் போனது ரூட் டிஸ்க் (லினக்ஸ் நிறுவியிருக்கும் டிஸ்க்) என்றால், அந்த நேரத்துச் செய்தியை எழுத இடமே இல்லை. ரீபூட் செய்து பழைய லொக்கைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (வலையமைப்பு ஊடாக வேறு கணினிக்குள் நுழையும் வழி) மூலம் கோளாறான கணினிக்குள் நுழைந்து, கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை -டபிள்யூ தெரிவுடன் ஓடவிடுங்கள். உறைந்ததும் கடைசி வரிகள் அந்தத் திரையில் நிற்கும். "கன்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்" என்று வந்து, சிஎஸ்டிஎஸ் (டிஸ்க் கன்ட்ரோலரின் நிலை) பெறுமதி முழுக்க எஃப் எழுத்தாக இருந்தால், டிஸ்க் மதர்போட்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பிலிருந்தே காணாமல் போயிருக்கிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் மின்சேமிப்பு. வேலையில்லாதபோது என்விஎம்இ டிஸ்க் தானாகத் தூக்க நிலைக்குப் போவதை ஏபிஎஸ்டி என்பார்கள். 2017இல் வந்த 4.11 கேர்னலிலிருந்து லினக்ஸ் இதைப் பாவிக்கிறது. சில டிஸ்க்குகள் சில மதர்போட்டுகளில் ஆழ்ந்த நிலைக்குப் போனால் எழும்புவதில்லை. அதனால்தான் மும்முரமாக வேலை நடக்கும்போது ஒன்றும் ஆகாமல், தேநீர் குடித்துவிட்டு வந்து கைவைத்ததும் உறைகிறது.

கிரப் (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அமைப்புக் கோப்பில் கேர்னல் வரியோடு என்விஎம்இ_கோர்.டிஃபோல்ட்_பிஎஸ்_மக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். இது ஏபிஎஸ்டியை நிறுத்திவிடும். உறைவு நின்றால் காரணம் பிடிபட்டது. மேசைக் கணினியில் அப்படியே விடலாம். மடிக்கணினியில் பற்றரி சற்று வேகமாக இறங்கும், அதற்கும் வழியுண்டு. என்விஎம்இ ஐடி-சிடிஆர்எல் கட்டளை ஒவ்வொரு நிலைக்கும் உள்ளே போகவும் வெளியே வரவும் ஆகும் மைக்ரோசெக்கனைக் காட்டும். மிக ஆழ்ந்த நிலையிலிருந்து வெளியே வர ஆகும் மைக்ரோசெக்கனைவிடச் சற்றுக் குறைந்த எண்ணை 0க்குப் பதிலாகப் போட்டால் அந்த நிலை மட்டும் தடைப்படும். 0 போட்டும் உறைந்தால், பிசிஐஇ இணைப்பின் மின்சேமிப்பு பற்றிய பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஓஃப் என்பதையும் அதே வரியில் சேர்த்துப் பாருங்கள்.

சாட்டா என்றால் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) 199ஆம் இலக்கத்தைப் பாருங்கள்: சிஆர்சி பிழை எண்ணிக்கை, அதாவது கடத்தும்போது தரவு கெட்ட தடவைகள். அது ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த கிழமை ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. காலி வீதியின் கடற்பக்கக் கட்டடங்களில் உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். கேபிளைக் கழற்றும்போது முனைகளையும் உற்றுப் பாருங்கள். எண் கூடாமலே உறைந்தால் லிங்க் பவர் கொள்கையை (சாட்டா இணைப்பின் மின்சேமிப்பு அமைப்பு) மக்ஸ்_பெர்ஃபோமன்ஸ் ஆக்குங்கள்.

பெரிய கோப்பைப் பிரதிசெய்யும்போது மட்டும் உறைவது வேறு கதை. மலிவான எஸ்எஸ்டியில் எஸ்எல்சி எனும் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பியதும் எழுதும் வேகம் படுத்துவிடும். லினக்ஸோ கிடைக்கும் நினைவகத்தில் 20% வரை எழுதாத தரவைத் தேக்கிவைக்கும். 16 ஜிபி ரேமில் அது ஏறக்குறைய 3 ஜிபி. இந்தத் தேக்கத்துக்கு எல்லை வைக்கும் கேர்னல் அமைப்புகளில் விஎம்.டேர்ட்டி_பைட்ஸை 268435456 ஆகவும், விஎம்.டேர்ட்டி_பாக்கிரவுண்ட்_பைட்ஸை 67108864 ஆகவும் குறைத்தால் நீண்ட திணறல் சிறு சிறு தாமதங்களாகிவிடும்.

டிஸ்க் உண்மையாகவே சாகிறதென்றால், என்விஎம்இ ஸ்மார்ட் அறிக்கையில் மீடியா பிழைகள் ஏறிக்கொண்டே போகும், அவெய்லபிள் ஸ்பெயர் (மிச்சமிருக்கும் உதிரி இடம்) எல்லைக்குக் கீழே இறங்கும். அப்போது மேலே சொன்ன எதையும் பரீட்சிக்காதீர்கள். முதலில் தரவை வேறு டிஸ்குக்குப் பிரதியெடுங்கள்.