பொடி எழுத்து

"மாமா, வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம், பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான் அக்கா மகன்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஆன்லைன் கிரிமினல் ஜஸ்டிஸ் (போலீஸ், கோர்ட், சிறை பற்றிய படிப்பு) சான்றிதழ். 'இப்போதே சேருங்கள்' என்ற பொத்தான் கண்ணைப் பறிக்கிறது. கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அலகுகளை, வேறு கல்லூரி ஏற்குமா என்ற வரியோ பக்கத்தின் அடியில், வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

எனக்கு மொத்தக் கணக்கும் அந்த வரியில்தான்.

நியூயார்க் நகரப் போலீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர 60 கல்லூரி கிரெடிட் கேட்டார்கள், 2025-இல் 24 ஆகக் குறைத்தார்கள். குறைத்தாலும் எண்ணுவது கிரெடிட்டைத்தான். சுவரில் மாட்டும் காகிதத்தை யாரும் எண்ணுவதில்லை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யில் ஏஜென்ட் ஆக வேண்டுமா? பொதுவாக இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். போலீஸ் அகாடமி பயிற்சிக்கும் இந்தச் சான்றிதழ் மாற்று ஆகாது. (இதையெல்லாம் விளம்பரத்தில் தேடாதீர்கள்.)

கம்யூனிட்டி காலேஜில் (அங்கே உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரி) அதே பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்ன விலை என்று முதலில் விசாரி என்றேன். பையன் முகம் சுண்டிப்போனது.

அப்புறம், யாருக்குத்தான் இது லாபம்? ஏற்கெனவே சிறைத் துறையிலோ கோர்ட்டிலோ வேலையில் இருந்து, அடுத்த படிக்குப் படிப்பு கேட்கிறார்கள் என்றால் சரி. அதிலும் கட்டணத்தை வேலை கொடுப்பவரே கட்டினால் யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை அந்த உதவிக்கு வருமான வரி கிடையாது.

கடன் வாங்கித்தான் சேரணும் என்றால், என் ஓட்டு 'வேண்டாம்'.