மொய் நோட்டைக் கணினியில் ஏற்ற எந்த விசைப்பலகை?

தமிழ்த் தட்டச்சு வேகத்தை ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று அளந்தால் கணக்கு பிசகும். சோதனைத் தளங்கள் பெரும்பாலும் ஐந்து குறியை ஒரு சொல்லாக எண்ணுகின்றன. ‘காரைக்குடி’ நமக்கு ஐந்தெழுத்து, ஆனால் கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில், துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், பத்துக் குறி. ஆக ஒரு சொல் இரண்டாகிவிடுகிறது. எழுத்துகளை எண்ணுங்கள். பிழை திருத்தி முடித்த பிறகே கடிகாரத்தை நிறுத்துங்கள்.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஊர், விலாசம் (செட்டிநாட்டில் பெயருக்கு முன் போடும் முதலெழுத்துகள்), பெயர், தொகை என்று வரிசையாக வரும். இதற்குத் தமிழ்99 விசைப்பலகை அமைப்புதான் என் தேர்வு. ‘கானாடுகாத்தான்’ என்பதற்கு அதில் 13 தட்டு. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 18. ‘பள்ளத்தூர்’ 8-க்கு 12, போதாக்குறைக்கு ளகரத்துக்கு ஷிப்டையும் பிடிக்க வேண்டும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுவதும் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு காரணம். ண-ட, ந-த, ம-ப போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. ‘கண்டனூர்’ ஏழே தட்டில் முடியும். உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் கைகள் மாறி மாறி ஓடும். 1999-ல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது.

அந்தத் தானியங்கிப் புள்ளியே சில பெயர்களில் காலை வாரும். லலிதா ‘ல்லிதா’ ஆவாள், சசிகலா ‘ச்சிகலா’ ஆவாள். இரண்டு மெய்க்கும் நடுவே அகரத்தை அடியுங்கள்: ல, அ, ல, இ, த, ஆ. பழகும் முதல் சில வாரம் வேகம் நிச்சயம் குறையும். அவசர வேலை கையில் இருக்கும்போது மாறாதீர்கள்.

தட்டச்சு நிலையத்தில் முதுநிலை தேறியவர்கள் மாறவே வேண்டாம். பழைய தட்டச்சு அமைப்பில் ‘கொ’வுக்குக் கொம்பு, க, கால் என மூன்று தட்டு, தமிழ்99-ல் இரண்டு. ஆனாலும் கொம்பை முதலில் அடித்துத் தழும்பேறிய விரலுக்கு அந்த ஒரு தட்டு பெரிதல்ல.

குரல்வழி உள்ளீடு நீண்ட கடிதத்துக்கு நல்லது, மொய் நோட்டுக்கு உதவாது. ல, ள, ழ உச்சரிப்பு சற்று நழுவினாலும் சொல் மாறிவிடும். ‘ஆனா ரூனா’ என்று விலாசத்தைச் சொன்னால், அதை அ.ரு. என்று சுருக்கி எழுத அதற்குத் தெரியாது. வரிக்கு வரி திருத்த உட்கார்ந்தால், பேசி மிச்சப்படுத்திய நேரம் அதிலேயே போய்விடும்.