கோட்டைக்கு வெளியே இருக்கும் கோட்டை

கொழும்புக்கு வரும் ரயில் மருதானையைத் தாண்டியதும் பெட்டியில் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். மேலே இருந்த பைகள் கீழே வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒடியலும் முருங்கைக்காயும் கதவடிக்குப் போய்விடும். மருதானைக்கும் கோட்டை நிலையத்துக்கும் இடையில் கொஞ்சத் தூரம்தான், அதற்குள் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருபவர்களை இந்தப் பெயர் குழப்பும். கொழும்பு கோட்டை ரயில் நிலையம் இருப்பது புறக்கோட்டையில். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த கோட்டைக்கு வெளியே வளர்ந்த இடம் என்பதால்தான் அதற்குப் புறக்கோட்டை என்று பெயர். அந்தக் கோட்டைச் சுவர்களை 19ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். இப்போதுள்ள நிலையம் 1917இல், மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தைப் பார்த்துக் கட்டியது. ஓட்டோவில் ஏறினால் 'கோட்டை' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'கோட்டை ஸ்டேஷன்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வங்கிகள் இருக்கும் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் தண்டவாளமே இல்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடிய யாழ்தேவி ரயில் 1990இல் போரால் நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தபோது, அடுத்த மாதமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டேன். கோட்டையில் இறங்கியவர் வாசலை நோக்கி நடக்கவில்லை. சனம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போக, பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டே நின்றார். "கூரை அப்பிடியே கிடக்கு" என்றார். அவர் கடைசியாக அங்கே ரயில் ஏறி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இந்த நிலையத்தை அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

தீபாவளிக்கு முந்திய நாட்களில் ஒருமுறை வந்து பாருங்கள். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் புது உடுப்புப் பைகளோடு ஹட்டன், பதுளை ரயில்களுக்குக் காத்து நிற்பார்கள். பக்கத்து மேடையில் மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்று விதமான தமிழும் சிங்களமும் ஒரே நேரத்தில் காதில் விழும். கொழும்பில் எனக்கு மிகப் பிடித்த சத்தம் அதுதான்.

சரி, இறங்கியாயிற்று, இனி எப்படிப் போவது? முன்வாசலில் ஒல்கொட் சிலை நிற்கும். அதைத் தாண்டி வலப்பக்கம் ஒல்கொட் மாவத்தை வழியே சில நிமிடம் நடந்தால் மத்திய பஸ் நிலையம். தனியார் பஸ்களுக்குப் பெஸ்டியன் மாவத்தை, அதுவும் அருகில்தான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 187ஆம் இலக்க பஸ், நுகேகொடை, மஹரகம பக்கம் 138, காலி வீதியால் வெள்ளவத்தைக்கு 100 அல்லது 101. வீதியைக் கடந்து நேரே உள்ளே போனால் குறுக்குத் தெருக்கள், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் நடந்தால் செட்டியார் தெரு.

ஆனால் வெள்ளவத்தைக்குப் போகிறவர்கள் பஸ்ஸையும் ஓட்டோவையும் விட்டுவிடுங்கள். மாலையில் காலி வீதி நகராது. வெளியே வந்து வேறு டிக்கெட் எடுத்து, கரையோரப் பாதை ரயிலில் ஏறுங்கள். எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலா என்று கேட்டு ஏறுவது முக்கியம். நான் ஒருமுறை கேட்காமல் காலிக் கடுகதியில் ஏறி, வெள்ளவத்தை கண்முன்னே ஓடி மறைய, மொறட்டுவையில் இறங்கித் திரும்பி வந்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர்தான் எங்கே இறங்க வேண்டும் என்று கைவிரலில் எண்ணிக் காட்டினார்.

அப்பாவோடு போன அன்று கேட்டுத்தான் ஏறினோம். பேரை வாவி ஓரமாகக் கொம்பனித்தெரு வந்தது. கொள்ளுப்பிட்டி வந்ததும் வலப்பக்கம் கடல், தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கருங்கற்கள் மட்டும். அப்பா இருக்கையை விட்டுக் கதவடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பம்பலப்பிட்டியில் சனம் ஏறி நெருக்கியது, அவர் அசையவில்லை. வெள்ளவத்தையில் நான் தோளைத் தொட்ட பிறகுதான் இறங்கினார். மாமி மெரின் டிரைவில் குடையோடு காத்திருந்தா. "பஸ்ஸிலயோ வந்தனீங்கள்?" என்று கேட்டா. அப்பா சட்டையில் பட்ட உப்புத்தண்ணீரைக் காட்டினார்.