11,260-ல் நழுவிய கிளட்ச்

மார்ச் 3
ஏற்றத்தில் நாலாவது கியர். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சுழற்சி (ஆர்பிஎம்) 2,000-லிருந்து 3,200-க்குத் தாவுகிறது, வேகம் அசையவில்லை. கருகிய வாசனை. மீட்டரில் 11,260 கிமீ. ஒழுங்கான கிளட்ச் பிளேட் 80,000 தாண்டியும் ஓடும்.

மார்ச் 4
காலையில் வண்டி குளிர்ந்திருந்தபோது நழுவவே இல்லை. அரைமணி ஓடியதும் மறுபடி ஆரம்பம்.

மார்ச் 5
காலிச் சாலையில் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நாலாவது கியரில் 40 கிமீ வேகம், ஆக்ஸிலரேட்டர் முழுக்க. ஆர்பிஎம், வேகம் இரண்டு முள்ளும் தெரிகிற மாதிரி வீடியோ. இரண்டு தடவை போதும். ஒவ்வொரு நழுவலும் பிளேட்டைத் தின்கிறது. பத்துத் தடவை செய்தால் சோதனையே பிளேட்டை முடித்துவிடும்.

மார்ச் 6
வாரண்டி புத்தகத்தை வரி வரியாகப் படித்தாயிற்று. விலக்குப் பட்டியலில் பிரேக் பேட், வைப்பர் பிளேடு, கிளட்ச் லைனிங் (பிளேட்டின் உராயும் பரப்பு). பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங், ஆயில் சீல், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், அதை வாங்கிப் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் எதுவும் அதில் இல்லை. “இயல்பான தேய்மானம்” என்று போட்டிருக்கிறது. 11,260-ல் என்ன இயல்பு?

மார்ச் 9
வண்டியை விட்டாயிற்று. சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் “கிளட்ச் மாற்றவும்” என்று எழுதினார். அப்படியே கையெழுத்துப் போட்டால், நாமாகக் கேட்டு மாற்றிக்கொண்டதாக ஆகிவிடும். அந்த வரியை அடித்துவிட்டு எழுத வைத்தது: “சூடான பின் 4-ஆம் கியரில் கிளட்ச் நழுவுகிறது, குளிரில் இல்லை. காரணம் கண்டறியவும்.” அதன் கீழே இரண்டு வரி: கியர்பாக்ஸை இறக்கும்போது நேரில் பார்க்க வேண்டும்; கழற்றிய பாகங்களைத் துடைக்கக் கூடாது. வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்துப் பூட்டும் கூலி யார் தலையில் என்பதும் எழுத்தில். நகல் கையில்.

மார்ச் 10
போன் வரவில்லை.

மார்ச் 11
சர்வீஸ் சென்டர் பதில்: “இது ஓட்டுற முறை சார். ஹாஃப் கிளட்ச்ல ஓட்டியிருக்கீங்க.” கியர்பாக்ஸ் இன்னும் இறங்கவே இல்லை! பார்க்காமலே தீர்ப்பு.

இரவு முழுக்க இதே யோசனை. ஆயில் கசிவு என்றால் தடயம் இருக்கும். கிராங்க்ஷாஃப்ட் பின் சீல் போயிருந்தால் ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரம்) எஞ்சின் பக்கத்தில் எஞ்சின் ஆயில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிதறியிருக்கும். இன்புட் ஷாஃப்ட் சீல் என்றால் ஈரம் கியர்பாக்ஸ் பக்கம், கந்தக நெடியோடு. ஹாஃப் கிளட்ச்சில் எரிந்த பிளேட் காய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கும், ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள், கிளட்ச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் சாம்பல் தூசி.

பயம் வேறு இடத்தில். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டாலும் இதே நீலம், இதே சாம்பல்தான். காலை எடுத்த பிறகும் லைனில் அழுத்தம் தங்கிவிடும். பெடலை யாரோ லேசாக மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அமுக்கிக்கொண்டே இருக்கும், பிடி தளர்ந்து பிளேட் நழுவும். சூட்டில் ஆயில் விரியும், அமுக்கம் கூடும். அதனால்தான் காலையில் நழுவவில்லை! லைனைக் கழற்றிவிட்டால் அந்த அழுத்தமும் போய்விடும், சாட்சியும் போய்விடும்.

மார்ச் 12
கடை திறக்கும் முன்பே வாசலில். நல்ல வேளை, இன்னும் இறக்கவில்லை. பிளீடரை (லைனில் காற்றை வெளியேற்றும் திருகு) நாமே தொட்டால் “வெளியே கை வைத்தது” என்பார்கள். அவர்கள் மெக்கானிக்கே திறக்க வேண்டும் என்று கேட்டு நின்றது. ஓட்டிச் சூடாக்கி, நழுவுவதை அவருக்கே காட்டி, வண்டியை நிறுத்தி, பெடலில் கால் இல்லாமல் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடரை அரைச் சுற்று திறந்தார். ஆயில் பீறிட்டது. சும்மா கசிந்திருந்தால் ஒன்றுமில்லை; இது அடித்தது. மூடிவிட்டு உடனே ஓட்டினால் நழுவல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வீடியோ 14 விநாடி.

பெடல் மேல்முனையில், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடுக்கு இம்மியும் தளர்வு இல்லை. விரலால் தள்ளினால் சிறிதாவது ஆடவேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுக்கப் பின்வராமல் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார்.

மார்ச் 14
இறக்கினார்கள். பெல் ஹவுசிங் காய்ந்து கிடக்கிறது, ஆயில் கசிவு இல்லை. வெர்னியரின் ஆழக்கம்பியை ரிவெட் தலையில் வைத்து, அதன் மேல் மிஞ்சிய லைனிங்கை அளந்தால் ஒரு பக்கம் 0.2 மிமீ, மறுபக்கம் 0.3. பொதுவாக 0.3-க்கு வந்தாலே பிளேட் முடிந்தது. ஃப்ளைவீலில் நாலு நீலத் திட்டு. பிரஷர் பிளேட்டில் பேரிங் அமுக்கும் ஸ்பிரிங்கான டயாஃப்ரம் விரல்களின் நுனி பளபளக்கிறது. இந்தக் காலத்து வண்டிகளில் பேரிங் எப்போதும் லேசாகத் தொட்டபடியே சுற்றும் என்பதால் அதைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அளவுகோலோடு படமெடுத்தாயிற்று.

மார்ச் 16
“மாஸ்டர் சிலிண்டர் வாரண்டில வரும். பிளேட் வராது.”
மாஸ்டர் சிலிண்டர் பழுது என்று ஒத்துக்கொண்ட பிறகு, அந்தப் பழுது எரித்த பிளேட் எப்படித் தேய்மானம் ஆகும்? தயாரிப்பாளருக்கு மெயில்: ஜாப் கார்டு நகல், பிளீடர் வீடியோ, ரிவெட் அளவுகள், மூல காரணத்தால் வந்த சேதம் என்ற ஒரே வாதம். மறுப்பதானால் எந்த விதிப்படி என்று எழுத்தில் தரவும். ஃப்ளைவீலையும் சேர்த்தே கேட்டிருக்கிறது. நீலம் பாய்ந்த முகத்தில் புதுப் பிளேட்டை மாட்டினால் முதல் கியரில் வண்டி உதறும், அந்தப் பிளேட்டும் சீக்கிரம் போகும். அப்போது மறுபடி “ஓட்டுற முறை.”

மார்ச் 17
ஓட்டுற முறை. ஓட்டுற முறை.

மார்ச் 19
கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறாராம். பழைய பிளேட், பிரஷர் பிளேட் சாக்கில் பத்திரமாக இருக்கின்றன, டேக் கட்டியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் அதில் இல்லை. “வாரண்டி ஸ்டோருக்குப் போயிருக்கும் சார்.” எப்போது, யார் கையெழுத்தில் என்று கேட்டு மெயில் போட்டாயிற்று.